யூட்சன் அசையாமல் சாகவேண்டிய ஞாயிறு

மூன்று கோடையாக யூட்சன் முதல் வெடியிலேயே செத்துக்கொண்டிருந்தான்.

ஹனோவருக்கு வெளியே, புல்வெளியொன்றில், நெப்போலியன் காலத்துச் சண்டையை ஆண்டுதோறும் நடித்துக்காட்டும் சங்கம் அது. ஜேர்மன்காரர் எல்லோரும் வென்ற பக்கம் நிற்கவே விரும்பியதால் பிரெஞ்சுப் படைக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. ஆகவே, சின்ன வயதில் இலங்கைப் போருக்குத் தப்பி வந்து, இப்போது பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படிக்கும் மன்னார்ப் பெடியன் யூட்சன் பிரெஞ்சுக்காரன் ஆனான். இதில் ஒருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கப்டன் ஹோர்ஸ்ட் கிழமை நாட்களில் மூக்குக்கண்ணாடி விற்பவர். சாவு விடயத்தில் மிகவும் கண்டிப்பானவர். போன வருடம் யூட்சன் செத்த பிறகு தும்மிவிட்டான். அதற்கு முந்தின வருடம் காலைச் சொறிந்தான். "இந்த முறை கடைசிவரை அசையாமல் கிட. அடுத்த வருடம் கொடி உன் கையில்" என்று கப்டன் வாக்குக் கொடுத்திருந்தார். கொடி பிடிப்பவன் சாவதில்லை. நிமிர்ந்து நடப்பான், உள்ளூர்ப் பத்திரிகையில் படமும் வரும்.

வீட்டில் சாவைப்பற்றி அவன் மூச்சே விடவில்லை. "அணிவகுப்பு அம்மா, பத்து மணிக்கு வாங்கோ" என்று மட்டும் சொல்லியிருந்தான். வந்தால், நீலக் கோட்டோடு அவன் உயிருடன் நடப்பதைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு, சண்டை தொடங்குமுன் திரும்பிவிடுவார்கள் என்பது அவன் திட்டம். தன் குடும்பம் எந்தக் கலியாணத்துக்கும் தாலி கட்டுமுன் போய்ச் சேர்ந்ததில்லை என்பதை அவன் மறந்துவிட்டான். பத்து மணிக்கு வீட்டில் அம்மா பிளோறன்ஸ் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்.

முதல் வெடி. யூட்சன் விழுந்தான். அருமையான சாவு, ஒரு கையை நீட்டி, வாயைச் சற்றே திறந்து. கழுத்துப் பட்டிக்குள் எறும்பொன்று புகுந்தது. கொடியை நினைத்துப் பொறுத்துக்கொண்டான். அப்போதுதான் பார்வையாளர் கயிற்றுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"எங்கையடி கொண்ணன்?"

"அந்தா அம்மா, குதிரைச் சாணிக்குப் பக்கத்திலை" என்றாள் தங்கை லவினியா.

"ஏன் படுத்திருக்கிறான்?"

"செத்துப்போனான்."

"விசர்க்கதை கதையாதை! பூசை கண்டிட்டு வந்த நாளிலை!"

இதற்குள் பீரங்கி வெடித்தது. குண்டில்லாத வெறும் வெடிதான். யூட்சன் ஒரு கண்ணை நூலளவு திறந்து பார்த்தான். அவ்வளவு சனத்திலும் இரண்டு பேர் மட்டும் தரையில் குப்புறக் கிடந்தார்கள். இருவரும் அவனைப் பெற்றவர்கள். இத்தனை வருட ஜேர்மன் வாழ்க்கை அவர்களுடைய முழங்கால்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. லவினியா ரோல்ஸ் பெட்டியோடு, யாரோ வேறு வீட்டுப் பிள்ளைபோல நின்றாள். அப்பா இராயப்பு, படுத்தபடியே பக்கத்துக் கதிரைக் கிழவருக்கு ஜேர்மன் மொழியில் புத்தி சொன்னார்: "வாயைத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் காதுச் சவ்வு கிழிந்துவிடும்." கிழவர் பணிவாக வாயைத் திறந்தார்.

அம்மா எழும்பினார். கயிற்றுக்குக் கீழால் நுழைந்தார்.

"பிளோறன்ஸ்! நிமிந்து போகாதை! குனிஞ்சு ஓடு!" என்று கத்தினார் அப்பா.

அம்மா குனியவுமில்லை, ஓடவுமில்லை. கோயில் சேலையும் கைப்பையுமாக இரண்டு படைகளுக்கும் நடுவால் நடந்தார். யாராவது கடந்தால் நின்று வழிவிடுவது ஜேர்மன்காரர் பழக்கம். எதிர்ப்பக்கப் பிரஷ்யப் படை துப்பாக்கியை இறக்கிக் காத்துநின்றது.

"எழும்படா. ஈரப் புல்லு."

"போங்கோ அம்மா" என்றான் யூட்சன், உதட்டை அசைக்காமல். "கொஞ்ச நேரந்தான். நான் செத்துக் கிடக்கோணும்."

"வள்ளத்திலை, நேவிக்குக் கேக்காமல் உன்ரை வாயைப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தது, இப்பிடிக் கிடக்கிறதைப் பாக்கவே?"

அவன் கண்களை இறுக்கினான். கொடி, கொடி, கொடி. ஒரு விரல் அவன் மூக்கடியில் வந்து நின்றது. பேசுகிற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிற விரல். அது விலகுவதாக இல்லை.

"சரி, எழும்புறன்."

சனம் எழுந்து நின்று கைதட்டியது. கப்டன் ஓடிவந்தார். யூட்சன் மன்னிப்பை ஜேர்மன் இலக்கணத்தோடு மனதில் அடுக்குமுன், அவர் தொப்பியைக் கழற்றி அம்மாவின் முன்னால் குனிந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"போர்க்களத்தில் பிள்ளையைத் தேடிவரும் தாய்! இத்தனை வருடமும் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே. அடுத்த வருடமும் உன் அம்மா வரவேண்டும்."

"அப்போ கொடி?"

"கொடிக்கு யாரையும் பிடிக்கலாம். நீ முதல் வெடியிலேயே விழு. அம்மா நடந்துவர நேரம் வேண்டும்."

"என்னவாமடா?" என்றார் அம்மா.

யூட்சன் கழுத்துப் பட்டிக்குள் கைவிட்டு எறும்பைத் தேடியபடி, எரிச்சலோடு மொழிபெயர்த்தான். அம்மா கப்டனை மேலும் கீழும் பார்த்தார்.

"வாறன் எண்டு சொல்லு. நான் வராட்டில் உன்னை ஆர் எழுப்புறது? ஆனால், கீழை ஒரு பாய் போடச் சொல்லு."