இரண்டு பஸ் ஏறி ஆற்றுக்கு

கணக்கெடுப்புக்கு வந்த பெண்ணிடம் அன்று பதினேழாவதாக மாட்டியவர் ஒரு தையல்காரர். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஆற்றில் கால்களை விட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், ரெண்டே நிமிஷம். உங்க ஊர் ஆத்தையும் இதே மாதிரி சுத்தம் பண்ணா, அதுக்காக வருஷத்துக்கு எவ்வளவு குடுப்பீங்க?"

"கெடுத்தவன் குடுக்கட்டும். நான் எதுக்கும்மா குடுக்கணும்? பூஜ்யம்னு போட்டுக்க."

போட்டுக்கொண்டாள். அடுத்த கேள்வி, எப்படி வந்தீர்கள் என்பது.

"ரெண்டு பஸ் மாறி. போக வர அஞ்சு மணி நேரம்" என்றாள் மனைவி. "எங்க வீட்டுக்குப் பின்னாலயேதான் ஆறு ஓடுது. முழுக்கச் சாயத் தண்ணி. ஜன்னலைத் திறந்தா குடலைப் பிடுங்கும். மாசம் ரெண்டு நாள் கடையை மூடிட்டு, என்னையும் இழுத்துக்கிட்டு இங்க வந்துடுவாரு."

"இழுக்கறேனா? காலையில எனக்கு முன்னாடி செருப்பைப் போட்டுட்டு நிக்கறது யாரு?"

மனைவி ஒரு சுளையை அவர் வாயில் திணித்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் மேலாளர் படிவங்களைப் புரட்டினார். "பூஜ்யம் போட்டதையெல்லாம் ஒதுக்கிடும்மா. ஆறு எப்படிப் போனா என்னன்னு இருக்கறவங்க."

அவள் வழக்கமாக எதிர்த்துப் பேசுகிறவள் அல்ல. "அக்கறை இல்லாதவங்க அஞ்சு மணி நேரம் பஸ்ல உக்காருவாங்களா சார்? டிக்கெட், மூடின கடை, போன பொழுது, எல்லாம் அவரு குடுத்ததுதானே?"

மேலாளர் பூஜ்யம் போட்ட படிவங்களைத் தன் பக்கம் இழுத்தார். தையல்காரரின் ஊரிலிருந்து வந்தவர்கள் மட்டும் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். ஊர் முழுவதற்கும் கணக்குப் போட்டபோது, குளிர்ந்த நீரில் கால் நனைக்க அவர்கள் பத்தாண்டில் செலவழிக்கும் தொகை, சாயக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் செலவைத் தாண்டியது. அந்த ஊர் நகராட்சி நிலையம் கட்டுவதை இரண்டு முறை தள்ளிப்போட்டது. மூன்றாம் முறை வேறு காரணம் கிடைக்காமல் ஒப்புக்கொண்டது. வேலை முடிய நான்கு வருடம் ஆயிற்று.

அதன்பின் அதே ஆட்களிடம் தொலைபேசியில் விசாரிக்கும் வேலையும் அவளுக்கே வந்தது. தையல்காரர் வீட்டில் மனைவி எடுத்தாள்.

"இப்ப தினமும் காலையில ஆத்துக்குப் போயிடறாரு. கடை திறக்கப் பத்து மணி ஆயிடுது. ரவிக்கை தைக்கக் குடுத்தவங்க வந்து என்னைப் பிடிச்சுக்கறாங்க."

"நீங்க போறதில்லையாம்மா?"

"போகாம? அவரு திரும்பி வந்ததும் நான் போயிடுவேன்."

இருவரையும் தனித்தனி வரிகளில் எழுதிக்கொண்டு, அவள் அடுத்த எண்ணைச் சுழற்றினாள்.