மோதிர விரலில் ஒரு மரு

அந்த நகைக்கடையில் அவளை எல்லோரும் மோதிரக்காரி என்றே அழைத்தார்கள். வாங்கத் தயங்குபவர் முன்னால் மோதிரத்தைத் தன் விரலில் மாட்டி, விளக்கொளியில் ஒரு திருப்புத் திருப்பினால் போதும். வந்தவர் பில் போடச் சொல்லிவிடுவார். அந்த விரலில்தான் மிளகளவு மரு ஒன்று முளைத்துத் தொலைத்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இது போகணும். இல்லேன்னா பின்னறையில பெட்டி கட்டப் போயிடும்மா" என்றார் முதலாளி.

பின்னறையில் பெட்டி கட்டுபவள் அவளுடைய நாத்தனார். கடையும் ஒன்று, வீடும் ஒன்று. அன்று மாலையே நாத்தனார் பூண்டும் கையுமாக வந்து நின்றது மோதிரக்காரிக்கு உறுத்தியது.

"அண்ணி, ஒரு பல்லை நசுக்கி மருமேல வச்சு பிளாஸ்திரி போட்டுக்கோங்க. ராத்திரி விட்டுடுங்க. எனக்கு அப்படித்தான் போச்சு."

கேளாமல் வந்த இந்தக் கரிசனம் எதற்கு? தான் கீழே இறங்கினால் மேலே ஏறப்போவது யார்? மோதிரக்காரி யோசித்தாள். நல்லவேளையாகக் கணவரின் முழங்கையிலும் ஒரு மரு இருந்தது.

"ஏங்க, முதல்ல நீங்க போட்டுப் பாருங்க."

"ராஜாவுக்கு முன்னாடி சோத்தை ருசி பார்ப்பானே, அவனா நானு?"

"ராணிக்கு முன்னாடி."

மறுநாள் காலையில் முழங்கைக்கு ஒரு குறையுமில்லை. மனம் தெளிந்து, அன்று மாலை அவளும் வைத்துக் கட்டினாள். விரல் காந்தியது, மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். காலையில் பிரித்தால், விரல் வெந்து கொப்பளித்திருந்தது. மரு மட்டும் நடுவே கொலுவீற்றிருந்தது.

"உங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆகல, எனக்கு மட்டும் எப்படி வெந்துது?"

"ராத்திரி விட்டுடுங்கன்னு சொன்னேனே அண்ணி!"

"விட்டேனே! விடிய விடிய அப்படியே விட்டேன்!"

"ஐயோ! ராத்திரி வேண்டாம், எடுத்துடுங்கன்னு சொன்னேன்!"

"நாத்தம் தாங்காம நான் படுக்கறதுக்கு முன்னாடியே பிச்சுப் போட்டுட்டேன்" என்றார் கணவர், செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டு.

இரண்டு பக்கமும் வெட்டுகிற சொல்லாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறாள் என்றே மோதிரக்காரி முடிவு கட்டினாள்.

வெள்ளிக்கிழமை முதலாளி இருவரையும் இடம் மாற்றினார். பின்னறைக் கதவிடுக்கில் மோதிரக்காரியின் கண் ஒட்டிக்கொண்டது. வெளியே கடையில் நாத்தனார் சிரித்தாள். அந்தச் சிரிப்பே சாட்சியாகத் தோன்றியது. ஆனால் சற்று நேரத்தில் அவளே வியர்த்து விறுவிறுத்து உள்ளே ஓடிவந்தாள்.

"அண்ணி, மோதிரம் சிக்கிக்கிச்சு! வாங்க வந்தவங்க காத்திருக்காங்க. முதலாளி பார்த்தார்னா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவார்."

கையை விரித்துவிட்டாலே போதும். இழந்த இடம் தானாகத் திரும்பிவிடும். ஆனாலும் மோதிரக்காரி அந்தக் கையை வெடுக்கென்று இழுத்து, குழாயடியில் சோப்பைத் தடவி, திருகித் திருகிக் கழற்றினாள்.

"எனக்கு இந்த வேலை ஒத்துவராது அண்ணி. நானே சொல்லிடறேன்."

கதவிடுக்கு வழியே பார்த்தால், நாத்தனார் முதலாளியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருசேர இந்தப் பக்கம் திரும்பினார்கள். மோதிரக்காரி சட்டென்று பின்வாங்கினாள்.

"புண் ஆறற வரைக்கும் இடது கையில போட்டுக் காட்டும்மா, வா" என்றார் முதலாளி.

போனாள். இடது விரலில் மோதிரத்தை மாட்டி, விளக்கொளியில் திருப்பினாள். வாங்க வந்தவரின் முகம் மலர்ந்தது. மோதிரக்காரியின் கண்ணோ பின்னறைக் கதவின்மேல் இருந்தது. இவ்வளவு சுலபமாகவா ஒருத்தி விட்டுக்கொடுப்பாள்?