மன்னருக்கு வியர்த்த கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதில்லை. என் நாத்தனார் ஒரு நாள் மத்தியானம் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் சாய்ந்தபடி, வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே சொன்னது. வெள்ளரிக்காய் தீர்ந்தபோது கதையும் முடிந்தது.

"எழுதிக்கட்டுமா அண்ணி?" என்றேன்.

"எழுது. ஆனா என்னைப் பெரிய இவளாட்டம் காட்டாத."

அந்த ஒரு நிபந்தனைதான் மூன்று வாரமாக என்னைப் படுத்துகிறது. என் முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"மன்னர் செத்துக்கொண்டிருந்தார். நாற்பது பேர் மெய்மறந்து பார்த்துக்கொண்டி—"

வேண்டாம். எந்த மன்னர், எந்த நாடு என்று நீங்கள் வரலாற்றுப் புத்தகத்தைத் தேடப் போய்விடுவீர்கள். இரண்டாவது தொடக்கம்:

"அவசர சிகிச்சைப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் அயராது உழைத்த அந்தச் செவிலியின் கண்களில்—"

இது பணி ஓய்வு விழாவில் வாசிக்கிற மடல். அண்ணி பார்த்தால் அடுத்த வெள்ளரிக்காயை என் மேல் எறிவார். ஆகவே சுற்றி வளைக்காமல் நேராகவே சொல்கிறேன்.

2

மூடிக் கிடக்கிற ஓர் அச்சகம். பெரிய கூடம், அதை ஒட்டிக் காகிதக் கிடங்கு, மூலையில் மேலாளர் அறை. வருடத்துக்கு இரண்டு முறை நாற்பது பேர் இதை வாடகைக்கு எடுத்து ஒரு நாள் முழுக்க வேறு ஆட்களாக வாழ்கிறார்கள். ஒருவர் மன்னர், ஒருவர் அமைச்சர், ஒருத்தி ராணி, மற்றவர்கள் படைவீரர்கள், ஒற்றர்கள், எதிரிகள். இது நாடகமில்லை. பார்வையாளர் கிடையாது, எழுதிய வசனமும் கிடையாது. கதைப்போக்கு மட்டும் மேலோட்டமாக முடிவாகியிருக்கும். மிச்சத்தை அவரவர் வாய்க்கு வந்தபடி பேசி, ஓடி, சண்டை போட்டு நடத்திக்கொள்ள வேண்டும். வாள் என்பது பிளாஸ்டிக் குழாயில் சுற்றிய ஸ்பாஞ்சு. ரத்தம் என்பது சாயத் தண்ணீர்.

(நாற்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "நீ கதை எழுதுறியே, அது மட்டும் தேவையா?" என்றார் அண்ணி. அடைப்புக்குறியை மூடிவிடுகிறேன்.)

அண்ணி இதில் எப்படி மாட்டினார்? ராணியாக வருகிற பெண் ஒரு பல் மருத்துவமனை வரவேற்பாளர், அண்ணியின் பக்கத்து வீட்டுக்காரி. போன முறை ஒருவருக்குக் கணுக்கால் பிசகியபோது முதலுதவி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையாம். "சும்மா வந்து உக்காருங்க அக்கா, போதும்" என்று அழைத்தாள். விடுமுறை நாளில் சும்மா உட்காருவது என்பது அண்ணிக்குக் கிடைக்காத வரம். மேலாளர் அறையில் மேசை போட்டு, பிரஷர் பார்க்கிற கருவி, சர்க்கரை பார்க்கிற கருவி, பஞ்சு, கட்டுத்துணி, குளுக்கோஸ் பொட்டலம் எல்லாம் பரப்பினார். யாரும் விசித்திரமாகப் பார்க்காமல் இருக்க ஒரு பழுப்புச் சால்வையைப் போர்த்தி அவரை அரண்மனை வைத்தியச்சி ஆக்கினார்கள்.

ஒரே ஒரு விதியைக் கட்டாயமாக்கியவரும் அண்ணிதான். வலிக்கிறது, செத்தேன், காப்பாற்றுங்கள் என்று நாள் முழுக்க எல்லாரும் அலறப்போகிறார்கள். அதற்கு நடுவே உண்மையாகவே ஒருவருக்கு ஏதாவது ஆனால்? "நிஜம்" என்று மூன்று முறை கத்த வேண்டும். கேட்டவுடன் எல்லாரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். உட்காராதவரோ, உட்கார முடியாதவரோ, அவர்தான் நோயாளி.

3

காலை பத்தரைக்கு அண்ணி தாமே அந்த வார்த்தையைக் கத்தி அவமானப்பட்டார்.

கழுத்தில் அம்பு தைத்த வீரன் ஒருவன் காகிதக் கிடங்கு வாசலில் கிடந்தான். கண் திறந்திருந்தது, இமை அசையவில்லை, மார்பு ஏறி இறங்கவில்லை. "நிஜம்! நிஜம்! நிஜம்!" மற்ற எல்லாரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அண்ணி ஓடிப்போய்க் கழுத்தில் விரலை வைத்தார். பிணம் ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது.

"மேடம், ரெண்டு மாசம் மூச்சுப் பிடிச்சுப் பழகினேன் மேடம்" என்றது பிணம், பெருமை தாங்காமல்.

கூடமே சிரித்தது. விளையாட்டை நடத்துகிறவர் ஒரு கணக்கு ஆசிரியர். அவர் வந்து, மாணவியிடம் பேசுகிற குரலில், "பரவாயில்ல சிஸ்டர். அடுத்த தடவை கொஞ்சம் பாத்து. ஒரு தடவை நிறுத்தினா மறுபடி சூடு பிடிக்க அரைமணி நேரம் ஆகுது" என்றார்.

அண்ணிக்குக் காது சிவந்துவிட்டது. நாடித்துடிப்பை நம்பிச் சம்பளம் வாங்குகிறவர், நாடி துடிக்கிறவனைப் பிணமென்று நினைத்துவிட்டார்.

4

[இங்கே அண்ணியின் மனப்போராட்டத்தை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். படித்துப் பார்க்க அவருக்கு அனுப்பினேன். "நீ இதை எழுதி முடிக்கிறதுக்குள்ள அந்த மன்னருக்கு வலிப்பே வந்திருக்கும்" என்று பதில் வந்தது. எடுத்துவிட்டேன்.]

5

மன்னர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதை நெருங்குகிறவர், நல்ல உயரம், அதைவிட நல்ல குரல். காகித உருளை ஒன்றின் மேல் திரைச்சீலையைப் போர்த்திச் சிம்மாசனம் செய்திருந்தார்கள். அதில் அவர் உட்கார்ந்தால், ஸ்பாஞ்சுக் கிரீடத்தையும் மீறி, மன்னர்தான்.

அன்றைய கதைப்படி எதிரிகள் கோட்டையை முற்றுகையிட வேண்டும். பிற்பகலில் அமைச்சர் தரும் விஷக் கோப்பையைக் குடித்து மன்னர் சாக வேண்டும். முற்றுகை அமோகமாக நடந்தது. அளவுக்கு மீறி அமோகமாக. மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் எல்லாம் எதிரிப் படை இருந்த கிடங்கில் மாட்டிக்கொண்டன. கோட்டைக்குள் ஒரு பருக்கை வரவில்லை. "முற்றுகைன்னா இப்படித்தான் இருக்கும்!" என்று கணக்கு ஆசிரியர் பூரித்துப்போனார்.

அண்ணிக்கு அப்போது தெரியாத ஒன்றை உங்களுக்கு மட்டும் இப்போதே சொல்கிறேன். (இது கதாசிரியரின் சலுகை. தவறு என்பார்கள், பரவாயில்லை.) பன்னிரண்டரை மணிக்கு மன்னர் கழிவறைக்குப் போய், சாப்பாடு வந்துவிடும் என்ற நம்பிக்கையில், வழக்கமான இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். உடல்நலப் படிவத்தில் அவர் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: "ஒன்றுமில்லை."

மணி இரண்டரை. கூடத்தில் அரசவை. அமைச்சர் கோப்பையை நீட்டினார். நிஜத்தில் அவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மன்னர் குடித்தார், வெறும் சாயத் தண்ணீர். எழுந்தார், தள்ளாடினார். பேச்சு குழறியது. சபை உறைந்து பார்த்தது.

"பின்றாரு" என்றான் பக்கத்தில் நின்ற வீரன். காலையில் பிணமாக இருந்தவன்தான். தொழில் தெரிந்தவனின் பாராட்டு.

அண்ணியும் தூண் ஓரம் நின்று ரசித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு அவர் கண்ணில் பட்டது வியர்வை. எல்லாருக்கும்தான் வியர்த்திருந்தது. ஆனால் மன்னருக்கு மேலுதட்டிலும் நெற்றியிலும் முத்து முத்தாக, துடைக்கத் துடைக்க வந்தது. அரச மேலங்கியின் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக மன்னரின் விரல்கள் நடுங்கின.

நடிப்பாக இருக்கும், என்றது காலையில் சிவந்த காது.

அப்போது மன்னர் ராணியின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மூணாவது மாடி... கதவு தொறக்கல... உள்ள ஆள் இருக்கு, கரண்ட்டை ஆஃப் பண்ணாதீங்க..."

சபை சிலிர்த்தது. மரண வேளையில் மன்னர் ஏதோ ரகசிய அறையைப் பற்றி உளறுகிறார் என்று ஒற்றன் ஒருவன் குறிப்புகூட எடுத்தான்.

அண்ணிக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்டது. மன்னருக்கு லிஃப்ட் தெரியாது. மெக்கானிக்குக்குத்தான் தெரியும். மன்னர் எப்போதோ போய்விட்டார், அங்கே நிற்பது அந்த மனுஷன்.

("அந்த நேரத்துல பயமே இல்லையா அண்ணி?" "பயந்தேன்னு எழுது. மறுபடி சிரிப்பாங்களேன்னு பயந்தேன். ஒரு பத்து செகண்ட் இருக்கும். அந்தப் பத்து செகண்டைத்தான் என்னால இன்னும் மன்னிக்க முடியல." அவர் கேட்டபடியே எழுதிவிட்டேன்.)

"நிஜம்! நிஜம்! நிஜம்!"

முப்பத்தொன்பது பேர் உட்கார்ந்தார்கள். மன்னர் நின்றார்.

6

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். கருவி காட்டியது: சர்க்கரை முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணும்படி கணக்கு ஆசிரியரிடம் கத்திவிட்டு, அண்ணி ஒரு தம்ளரில் குளுக்கோஸைக் கலக்கினார். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றியிருக்க மாட்டார். புரையேறினால் அதுவே எமன். ஆனால் மன்னர் கத்திக்கொண்டிருந்தார். கத்துகிறவரால் விழுங்க முடியும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் குடிக்க வைக்க வேண்டும்.

"இதைக் குடிங்க சார்."

"விஷம்!" தம்ளர் பறந்தது.

சர்க்கரை இறங்கிய மூளையில் லிஃப்டும் அரண்மனையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கோப்பை கொடுத்தால் சாவு என்பது மட்டும் அதில் ஆழமாகப் பதிந்திருந்தது. இரண்டாவது தம்ளரும் அண்ணியின் சால்வையில் கொட்டியது. ராணி அழுதாள்: "சார், விளையாட்டு முடிஞ்சிடுச்சு சார், குடிங்க சார்!" அவர் அவளை அடையாளமே காணவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு குளுக்கோஸ் பொட்டலம்.

இந்த இடத்தில் நான் எழுதி வைத்திருந்தது: "அப்போது அண்ணியின் மனத்தில் மின்னலென ஒரு யோ—" மின்னல் எதுவும் இல்லையாம். எரிச்சல்தானாம். முடிவுக்கு வந்த விளையாட்டை ஒரே ஒரு ஆளுக்காக மறுபடி ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணி திரும்பி, தரையில் உட்கார்ந்திருந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டைப் பார்த்தார். "எந்திரிங்க. மன்னிப்புக் கேளுங்க."

"யார் கிட்ட?"

"மன்னர் கிட்ட! நீங்கதானே விஷம் வச்சீங்க?"

மனுஷன் ஒரு நொடி விழித்தார். பிறகு அவருக்குப் புரிந்தது. அப்படியே மண்டியிட்டு, குரல் உடைய, "மன்னா! பாவி நான், தெரியாமல் செய்துவிட்டேன். இது முறிவு மருந்து. நம்ப மாட்டீர்கள், தெரியும். இதோ, நானே முதலில் குடிக்கிறேன்" என்று, அண்ணி கலக்கி நீட்டிய தம்ளரை வாங்கி ஒரு மடக்கு குடித்தார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அது நடிப்பா என்று பிறகு கேட்டபோது அவருக்கே தெரியவில்லையாம்.

மன்னர் அவரை உற்றுப் பார்த்தார். நாற்பது பேர் மூச்சு விடவில்லை, பழகாதவர்கள்கூட.

"வைத்தியச்சி சொல்லட்டும்" என்றார் மன்னர்.

"குடியுங்கள் மன்னா" என்றார் அண்ணி. பதினான்கு வருடத்தில் எந்த நோயாளியிடமும் அவர் இவ்வளவு நல்ல தமிழ் பேசியதில்லை.

அவர் குடித்தார். ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு, பிறகு முழுவதும்.

7

ஆம்புலன்ஸ் வந்தபோது சிறு குழப்பம். வழிகாட்ட வாசலில் நிறுத்தப்பட்ட இரண்டு வீரர்களில் ஒருவனுக்குத் தலையிலிருந்து மார்பு வரை சாய ரத்தம். வண்டியிலிருந்து குதித்தவர்கள் அவனைப் பிடித்து ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துவிட்டார்கள். "நான் இல்லீங்க, மன்னருக்குத்தான்!" என்று அவன் கத்த, தலையில் அடி பலம்போல என்று கழுத்துக்குப் பட்டை மாட்டினார்கள். கணக்கு ஆசிரியர் ஓடிவந்து விடுவித்தார். "ரத்தம் பூசினவங்க வாசலுக்கு வரக் கூடாது" என்று அன்றைக்கே விதிப் புத்தகத்தில் ஒரு வரி சேர்ந்தது. "முற்றுகையானாலும் சாப்பாடு நிற்கக் கூடாது" என்பது அதற்கடுத்த வரி.

கால் மணி நேரத்தில் சர்க்கரை அறுபத்தொன்று. அடுத்த கால் மணியில் தொண்ணூற்று நான்கு. எதிரிப் படையே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து அவருக்கு முன் வைத்தது. மன்னர் தலையைத் தொட்டுப் பார்த்துக் கிரீடத்தைக் கழற்றினார். "நான் ஏதாவது அசிங்கமாப் பேசினேனா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

8

மேலாளர் அறையில் அவரை உட்கார வைத்து, ஆம்புலன்ஸ்காரர்கள் பிரஷர் பார்த்து முடித்ததும், அண்ணி படிவத்தை அவர் முன் வைத்தார்.

"ஒன்றுமில்லைன்னு எழுதியிருக்கீங்க."

"சுகர்னு எழுதினா ராஜா வேஷம் குடுப்பாங்களா சிஸ்டர்? மூலையில உக்கார வச்சு ஓலை எழுதச் சொல்லியிருப்பாங்க. தினம் பூரா குழிக்குள்ள எறங்கி கிரீஸ் பூசுறேன். வருஷத்துக்கு ரெண்டு நாள்தான் என்னை நாலு பேரு நிமிர்ந்து பாக்குறாங்க."

"இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா?"

அவர் பொட்டலத்தின் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "போன மாசம் ஒரு தடவை. லிஃப்ட் குழிக்குள்ள."

அந்த நேரம் பார்த்து அவருடைய ஃபோன் மேசையில் அதிர்ந்தது. திரையில் அவர் மனைவியின் முகம்.

"அவளுக்குப் போன மாச விஷயம் தெரியாது" என்றார். "தெரிஞ்சா வேலைக்கே அனுப்ப மாட்டா. நீங்களே எடுத்துப் பேசுங்க சிஸ்டர், என் குரல் இன்னும் நடுங்குது. என்ன சொல்லணுமோ நீங்க பாத்துச் சொல்லுங்க."

அண்ணி ஃபோனைக் கையில் எடுத்தார்.

இங்கே அண்ணி வெள்ளரிக்காயின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்புறம்? என்ன சொன்னீங்க?" என்றேன்.

"அது உனக்கு எதுக்கு?"

"அண்ணி! கதை!"

"நீ எப்படியும் எழுதுவேன்னு தெரியும், அவர்கிட்ட முன்னாடியே கேட்டுட்டேன். ஃபோன் வர்ற வரைக்கும் எழுதிக்கச் சொல்லுங்கன்னார். அதுக்கப்புறம் நடந்தது நோயாளிக்கும் எனக்கும் நடுவுல."

கெஞ்சினேன். கோபித்துக்கொண்டேன். நானே மூன்று முடிவுகள் எழுதி அனுப்பினேன். ஒன்றில் அண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார், மனைவி அன்றைக்கே வந்து அவரை வேலையை விடச் சொல்கிறார். ஒன்றில் எதுவும் சொல்லவில்லை, அடுத்த மாதம் ஒரு லிஃப்ட் குழி— அதை நானே பாதியில் கிழித்துவிட்டேன். மூன்றாவதில் அண்ணி ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு அவர் கையில் கொடுத்து, "நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்கிறார். அழகாக இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

மூன்றுக்கும் சேர்த்து அண்ணியிடமிருந்து ஒரே பதில் வந்தது: "முடிவு எழுதத் தெரியலேன்னா படிக்கிறவங்ககிட்ட குடு. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிக் குடு. வீட்டு ஆளுங்ககிட்ட ஃபோன்ல பேசறப்ப முதல் வரி எப்பவும் ஒண்ணுதான்."

ஆகவே, இந்தாருங்கள், ஃபோன். ஐந்தாவது முறை அதிர்கிறது, இன்னும் இரண்டு முறையில் நின்றுவிடும். எதிரே ஒரு மனுஷன் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எடுத்தவுடன், "பயப்படாதீங்கம்மா, உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார், என் எதிர்லதான் உக்காந்து சாப்பிடறார்" என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது வரி உங்களுடையது.