மூன்று முறை மூடப்பட்டது

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்திருந்தார்கள். மாத்திரை சாப்பிடும் நேரத்தை நினைவுபடுத்தும் செயலி ஒன்றை அந்த நிறுவனம் தயாரித்தது. அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதுதான் அவள் வேலை. கண்டுபிடித்த குறையை எழுதிப் பட்டியலில் போடுவாள். புரோகிராம் எழுதுகிறவன் அதைத் திருத்திவிட்டு ‘மூடப்பட்டது’ என்று குறிப்பான்.

மேலாளர் ஊக்கப் பயிற்சிக்குப் போய்வரும் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சின்ன வயதுக்காரர்களுக்கு வேலை விளையாட்டுபோல் இருந்தால்தான் ஆர்வம் வரும் என்று அங்கே யாரோ அவர் தலையில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வந்த வாரமே சுவரில் பெரிய திரை ஏறியது. ஒரு குறையை மூடினால் ஒரு நட்சத்திரம். திருத்தி மூடினாலும் ஒன்றுதான், திருத்தாமல் மூடினாலும் ஒன்றுதான். திரைக்கு வித்தியாசம் தெரியாது.

முதலிடத்தில் இருந்தவன் எக்ஸ்பிரஸ். மூடுகிற வேகத்துக்காக வந்த பேர். கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருடம் மேலே படித்தவன்.

அவள் எழுதியது இதுதான்: ‘மாத்திரை சாப்பிட்டதும் திரையில் குறி போடுகிறோம். அதன்பிறகு போன் அணைந்து மறுபடி உயிர்பெற்றால் அந்தக் குறி அழிந்துபோகிறது. அதே மாத்திரைக்குத் திரும்பவும் மணி அடிக்கிறது.’

முதல் தடவை எக்ஸ்பிரஸிடமிருந்து பதில் வந்தது: ‘என் போனில் இப்படி வரவில்லை. மூடப்பட்டது.’ இரண்டாம் தடவை: ‘போனை அணையவிட்டது பயன்படுத்துகிறவர் தவறு. மூடப்பட்டது.’ வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவை: ‘ஏற்கெனவே மூடியது. மூடப்பட்டது.’ ஒரே ஓட்டைக்கு மூன்று நட்சத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா குளியலறை வாசலில் சுருண்டு விழுந்தார். வெளியீட்டுக்கு முந்தைய சோதனைச் செயலியை மகள் செய்தது என்ற பெருமையில் போனில் போட்டு வைத்திருந்தார். ரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறார். சார்ஜ் தீர்ந்து போன் அணைந்திருக்கிறது. செருகி வைத்ததும் மணி அடித்திருக்கிறது. எடுத்து இன்னொன்று விழுங்கிவிட்டார். அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிட்டது.

“ரெண்டு தடவ ஏன் போட்டீங்கன்னு கேட்டா, போன் சொல்லுச்சுங்கறாருடி,” என்று அம்மா தலையிலடித்துக்கொண்டாள்.

புருவத்துக்கு மேல் நான்கு தையலோடு அப்பா சொன்னார்: “நீ பண்ணதாச்சே, தப்பா சொல்லுமான்னு போட்டுட்டேம்மா.”

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எல்லாரையும் கூட்ட அறையில் உட்கார வைத்தார் மேலாளர். மாலை நான்கு மணிக்குச் செயலி ஒரு லட்சம் பேருக்குப் போகப்போகிறது. அதற்கு முன் பூதக்கண்ணாடி ‘சரி’ என்று குறிக்க வேண்டும். அது சும்மா சடங்கு என்ற நினைப்பில் அவர் வண்ணக் காகிதங்களை விநியோகித்தார். உங்களை வேலை செய்யத் தூண்டுவது எது? ஒரு வரியில் எழுதுங்கள்.

ஒவ்வொன்றாக வாசித்தார். சவால். நல்ல நண்பர்கள். நட்சத்திரம். கைதட்டல். அடுத்த காகிதத்தை எடுத்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

“வாசிங்க சார்,” என்றாள் அவள்.

“‘நான் சொல்ற குறையத் திருத்தணும். வேற எந்த மண்ணாங்கட்டியும் வேணாம்.’” அவர் சிரிக்கப் பார்த்தார். “ஏம்மா இவ்ளோ எதிர்மறையா...”

“நேர்மறையாவே சொல்றேன். இன்னிக்கு நான் ‘சரி’ போடமாட்டேன்.”

“ஐயோ, பூதக்கண்ணாடி கோவிச்சுக்கிச்சு,” என்றான் எக்ஸ்பிரஸ். நாலு பேர் சிரித்தார்கள். “அந்த ரெண்டாவது மணி கதைதானே? எத்தன பேரு போன அணைக்கப் போறாங்க? உருப்படியா வேற வேல பாரு தாயே.”

“எங்கப்பா அணைக்கல. அதுவா அணைஞ்சுது. இன்னொரு மாத்திரையப் போட்டாரு. மண்ட ஒடைஞ்சு வீட்டுல படுத்திருக்காரு.”

சிரிப்பு அப்படியே நின்றது. எக்ஸ்பிரஸின் முகம் வெளிறிவிட்டது.

“அடப்பாவமே... அப்பான்னு ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாமே. ஒடனே பண்ணியிருப்பேனே.”

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வெடித்துவிட்டது.

“எதுக்குண்ணா சொல்லணும்? எங்கப்பான்னாத்தான் திருத்துவீங்களா? வேற யாரு அப்பாவாவது விழுந்தா ஒங்களுக்கு நட்சத்திரமா? மூணு தடவ எழுதினேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அந்தப் போன அணைச்சுப் பாத்தீங்களா?”



மேலாளர்தான் சப்பைக்கட்டு கட்ட வந்தார். “உணர்ச்சிவசப்படாதம்மா. நாலு மணிக்கு வெளியிடுவோம், அடுத்த வாரம் திருத்திக்கலாம். ஒன்னோட அக்கறைக்கு நானே அஞ்சு நட்சத்திரம் தர்றேன்.”

“அந்த அஞ்சையும் எங்கப்பா நெத்தியில ஒட்டவா சார்? வெளியிடணும்னா நீங்களே ‘சரி’ போடுங்க. ஒங்க பேர்ல. தெரிஞ்சுதான் விடறேன்னு ஒரு வரி எழுதிட்டுப் போடுங்க.”

ஒரு வரி எழுத எல்லாரிடமும் காகிதம் கொடுத்த மனிதர், தன் பேனாவை எடுக்கவில்லை. யாரையும் பார்க்காமல், “வெளியீடு தள்ளிப்போகுது,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

திருத்த எக்ஸ்பிரஸுக்கு நாற்பது நிமிடம்தான் ஆனது. அந்த நாற்பது நிமிடக் கணக்குதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. போனைப் பத்து தடவை அணைத்து அணைத்துப் பார்த்தாள். மணி திரும்ப அடிக்கவில்லை.

“இப்ப கோவம் போச்சா?” என்று பக்கத்தில் நின்றபடி மெதுவாகக் கேட்டான்.

“இல்ல.” மூடிய குறைகளின் பட்டியலை அவன் பக்கம் திருப்பினாள். “கை வைக்காம நீங்க மூடினது இன்னும் பதினேழு இருக்கு. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க.”