வெந்நீரில் போகாதது

கீழே சலவைக்கடை, மேலே வீடு. இரண்டையும் ஆண்டவர் பெரியம்மா. கடை ஆட்கள் அவரை அப்படித்தான் அழைப்பார்கள். முப்பது வருடத்தில் ஒரு சட்டைகூடக் கறையோடு அவர் கையைத் தாண்டியதில்லை. குடும்பத்தின் பெயரையும் அப்படியே கட்டிக் காத்தார்.

மருமகளுக்கு வெள்ளைப்படுதல், எரிச்சல். மருத்துவமனையில் பார்த்து, ட்ரைக்கோமோனஸ் என்னும் ஒட்டுண்ணித் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். சரியானது, மறுமாதமே திரும்பி வந்தது. சீட்டில் ‘பாலுறவால் பரவுவது’ என்று எழுதியிருந்ததைப் பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“வாடிக்கைக்காரங்க துணியிலேர்ந்துதான் ஒட்டியிருக்கும்” என்று அடித்துச் சொன்னார். வீட்டிலிருந்த போர்வை, துண்டு, தலையணை உறை எல்லாம் வெந்நீர்க் கொப்பரையில் வெந்தன.

“என்னை மட்டுந்தான் அத்தை இன்னும் உள்ள போடலை” என்றாள் மருமகள்.

மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. “எனக்கு ஒண்ணுமே இல்லையேம்மா. அப்போ இவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சாம்? கொஞ்ச நாள் அவ அம்மா வீட்டுல இருக்கட்டும்.”

மருமகள் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினாள்.

பெரியம்மாவுக்குச் சுருக்கென்றது. “சந்தேகத்தோட இந்த வாசலை யாரும் தாண்டக் கூடாது. கிளம்பு, கேட்டுட்டே வந்துடலாம்” என்று மருமகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

செவிலியர் பொறுமையாகச் சொன்னார்: “துணியில ஒட்டிக்கிட்டு வர்ற சமாச்சாரம் இல்லம்மா இது. உறவுலதான் பரவும். ஆம்பளைங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது.”

“யார்கிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சு?”

“அதை யாராலயும் சொல்ல முடியாது. மாசக்கணக்கா, வருஷக்கணக்காக்கூடச் சத்தமில்லாம உள்ள இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்திருக்கலாம். ரெண்டு பேரும் மருந்து எடுக்கலைன்னா திரும்பத் திரும்ப வரும். உங்க மகன் மாத்திரை போட்டாரா?”

“குடுத்ததை இழுப்பறையில போட்டுட்டார். எனக்கெதுக்குன்னு கேட்டார்” என்றாள் மருமகள்.

பெரியம்மா நெற்றியில் தட்டிக்கொண்டார். வெளுத்த துணியை அழுக்கு மூட்டைக்குள்ளேயே திரும்பத் திணித்திருக்கிறார்கள். கடையில் நேற்று சேர்ந்தவன்கூட அதைச் செய்யமாட்டான். இவரோ அதைப் பார்க்காமல் போர்வைகளை வேக வைத்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும், இஸ்திரி மேஜையருகே நின்ற மகனைக் கடை ஆட்களுக்குக் கேட்காமல் மேலே கூப்பிட்டார். இழுப்பறையிலிருந்த மாத்திரைகளையும் தண்ணீரையும் நீட்டினார்.

“நாலும் ஒரே வேளை. அவளுக்கு ஏழு நாள். முடிஞ்சு சரியாகுற வரைக்கும் தனித்தனிப் படுக்கை. மூணு மாசத்துல அவளுக்கு மறுபரிசோதனை.”

“மானம் போகுதும்மா.”

“மாத்திரை முழுங்கினா மானம் போகாதுடா. கட்டினவளைப் பெட்டியோட அனுப்பினாத்தான் போகும். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நானும் கேட்கலை. இனிமே யாரால வந்துச்சுங்கிற பேச்சு இங்க எழக் கூடாது.”

அவன் பெட்டியருகே நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு நான்கையும் விழுங்கினான்.

“வாயைத் திற.”

சலவைக்குப் பின் காலரைப் பார்ப்பதுபோல் அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார் பெரியம்மா.

“அத்தை, அப்படியே காதுக்குப் பின்னாடியும் பாத்துருங்க” என்றாள் மருமகள்.

பெரியம்மா சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து, மருமகளின் துணிகளைத் தன் கையாலேயே அலமாரியில் அடுக்கத் தொடங்கினார்.