முறித்த குழாய்

…முறித்துவிட்டாராம், ஒரு வார்த்தை கேட்கவில்லை, குறுக்கே முறித்தால்தான் உள்பக்கம் படத்தில் தெரியுமாம், டெல்லிக் கூட்டத்தில் காட்ட வேண்டுமாம்… வசுமதி டாக்குரியா ரயில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, கைடு கோஷால் சார் கையில் திணித்த மைக்ராஸ்கோப் படத்தை வெறித்துக்கொண்டிருந்தாள், ரயில் ஒன்று வந்து போனது, போகட்டும். விரல் பருமன் பீங்கான் குழாய், அதன்மேல் சியோலைட் என்ற படிகத் தோல், உப்புப் படிந்தாற்போல வெள்ளையாக, தண்ணீரை மட்டும் உள்ளே விட்டு ஆல்கஹாலை வெளியே நிறுத்தும் தோல். மூன்று வருஷமாகச் செய்ததெல்லாம் ஒழுகியது, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று போதும், எல்லாம் பாழ். இது ஒன்றுதான் ஒழுகவில்லை, இதை ஒரு மாதம் ஓட்டிக்காட்டினால் டாக்டர் பட்டம், ஏப்ரலில் புருஷன் கோவிந்தராஜனுக்குத் தூத்துக்குடி கஸ்டம்ஸுக்கு மாற்றல், அதற்குள் முடிந்திருக்கும். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. “கூப் ஷுந்தர், வசுமதி!” என்றாரே மனுஷர் வங்காளியில், ரொம்ப அழகாம், யாருடைய அழகு, யாருடைய மூன்று வருஷம்? அங்கேயே கத்தியிருக்க வேண்டும், கத்தினாளா, “தேங்க் யூ சார்” என்றாள், வெட்கங்கெட்டவள். வீட்டுக்குப் போன் செய்தால் கோவிந்தராஜன், “குழாய்தானே, இன்னொண்ணு பண்ணிக்கோயேன்” என்கிறார். “தோசையா, இன்னொண்ணு வாக்கிறதுக்கு? இது மட்டும் ஏன் ஒழுகலைன்னு எனக்கே தெரியாதுங்க…” பாதியிலேயே போனை வைத்துவிட்டாள்.

படத்தில் பீங்கான் கரடுமுரடாக, அதன்மேல் தோல்… தோலின் நடுவே என்ன அது, மெல்லிய கோடு? அழுக்கா? இல்லை, கடைசிவரை ஓடுகிறது. ஒரு தோல் இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. இரண்டு எப்படி வரும், ஒரே தடவைதானே கரைசலில் போட்டு, தோல் வளர அடுப்பில் வைத்தாள்… பூஜை லீவுக்கு முந்தின நாள், மத்தியானம் கரண்ட் போய் அடுப்பு ஆறிப்போனது, பாதியில் நின்றதைத் தூக்கிப்போட மனசு வராமல், கழுவிப் புதுக் கரைசலில் போட்டு, கரண்ட் வந்ததும் மறுபடி வைத்தாள், எப்படியும் வீண்தான் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. முதல் தோலின் ஓட்டையை இரண்டாவது மூடியிருக்கிறது, அவ்வளவுதான், அட பாவி, அவ்வளவுதானா? சாருக்கு இந்தக் கோடு கண்ணில் படவே இல்லை. சொன்னால் நாளைக்கே டெல்லியில் அது அவர் வாயால் வரும், சொல்லாமல் தூத்துக்குடிக்குப் போனால் அவள் வாயோடு போகும், ஏப்ரலுக்குள் தனியாக ஒன்று செய்து ஓட்டிவிட முடியுமா… அதுகூட இல்லை, உறுத்தியது வேறொன்று. அந்த ஆள் முறிக்காமல் இருந்திருந்தால், அவள் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பாள், பட்டமும் வாங்கியிருப்பாள், அது ஏன் ஒழுகவில்லை என்று சாகிறவரை தெரிந்திருக்காது. அவரைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும்போல இருந்தது, திட்ட வாய் வரவில்லை, அதுதான் தாங்கவில்லை.