டாக்டர் மார்மேல் கியர்பாக்ஸ்

பல் டாக்டரிடம் இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. அவரைவிட ஆறு வயது மூத்தது. ஒரு மாதமாக ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் தெருவையே கூட்டியது. வண்டி மட்டும் நகர மாட்டேன் என்றது. கிளட்ச் தேய்ந்துவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "விட்டுட்டுப் போங்க சார், மூணு வாரம் ஆகும்" என்றார். டாக்டருக்கு மனசு வரவில்லை.

"பல்லோட வேர் வரைக்கும் போறவன் நான். கியர்பாக்ஸைக் கழட்டணும், பழைய கிளட்ச் தட்டை எடுத்துட்டுப் புதுசை வைக்கணும், மூடணும். இது என்ன பெரிய வேலை" என்று மனைவியிடம் சொன்னார்.

மனைவி கணக்கு டீச்சர். "மயக்க ஊசி வண்டிக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு, சனிக்கிழமை நீச்சல் வகுப்புக்குக் கிளம்பிப் போனார்.

ஷெட்டில் கார் நாலு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. டாக்டர் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து உள்ளே போனார். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றினார். போல்ட்டுகளைக் கிளினிக் டிரேயில் பஞ்சு விரித்து வரிசையாக அடுக்கினார். கியர்பாக்ஸைத் தாங்கிய ஜாக்கி கைக்கு இடைஞ்சலாக இருந்தது. ஒரு நிமிஷம்தானே என்று அதைத் தள்ளி வைத்தார். பிறகு கடவாய்ப் பல்லை அசைப்பதுபோல் கியர்பாக்ஸை இப்படியும் அப்படியும் அசைத்து, பழக்க தோஷத்தில், "வலிக்காது, அவ்வளவுதான்" என்றார்.

அது வந்துவிட்டது. முப்பது கிலோவும் அவர் மார்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் பாதி மூச்சுதான் உள்ளே போனது. மேசைமேல் போனில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவில் ஒருவர், "இந்த இடத்துல மட்டும் தனியா இருக்காதீங்க" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எதிர்வீட்டு சலூன்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"டாக்டர், வேலையா இருக்கீங்களா?"

"கொஞ்சம்."

"ரெண்டு நாளா பல்லு உயிரை வாங்குது. அப்புறமா வரட்டுமா?"

"போகாதீங்க."

இவ்வளவு வேலைக்கு நடுவிலும் நோயாளியைத் திருப்பி அனுப்ப மனசில்லாத மனுஷர் என்று சலூன்காரர் நெகிழ்ந்துபோனார். தரையில் படுத்து, ஊர்ந்து உள்ளே போய், டாக்டர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்தார். காப்பாற்றச் சொல்லத்தான் டாக்டர் நினைத்தார். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் திறந்த வாயைப் பார்த்ததும் இருபது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"இன்னும்... நல்லா. ஞானப்பல். எடுத்துடணும்." மூச்சு வாங்கியது. "தூக்குங்க."

"பல்லையா?"

"இதை."

சலூன்காரர் கியர்பாக்ஸின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். உடனே பின்பக்க ஓட்டை வழியாக ஒரு லிட்டர் பழைய எண்ணெய் கொழகொழவென்று வழிந்து, அவர் தலை கிடந்த இடத்தில் தேங்கியது. கியர்பாக்ஸ் பழையபடி உட்கார்ந்தது. சலூன்காரர் தலையைத் தொட்டு, விரலை முகர்ந்தார்.

"இதுல முடி கொட்டுமா டாக்டர்?"

"தெரியல."

மனைவி ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது, காருக்கு அடியில் நாலு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னங்க, இதுல எந்த ரெண்டு கால் நம்ம வீட்டுது?"

"இடது பக்கம் இருக்கறது சார் காலு டீச்சர்" என்றார் சலூன்காரர்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "பலகைக்குச் சக்கரம் இருக்குல்ல?"

சலூன்காரர் பலகைக்கு அடியில் தடவிப் பார்த்து, "நாலு இருக்கு டீச்சர்" என்றார். டீச்சர் காரை ஜாக்கியால் இன்னும் நாலு விரல்கடை உயர்த்தி, கணவரின் கணுக்கால்களைப் பிடித்து இழுத்தார். பிரசவ வார்டிலிருந்து பிள்ளையோடு வருகிறவர் மாதிரி, டாக்டர் கியர்பாக்ஸை அணைத்தபடியே வெளியே உருண்டு வந்தார்.

அன்று சாயங்காலமே சலூன்காரரின் பல்லைப் பிடுங்கினார். நன்றிக்கடனாக, மறுநாள் காலை வாயில் பஞ்சோடு சலூன்காரர் உதவிக்கு வந்து நின்றார். ஓயாமல் பேசுகிற அவர் வாய் மூடியிருந்ததை அந்தத் தெரு பார்த்தது அன்றுதான்.

புதுத் தட்டை வைத்தாகிவிட்டது. கியர்பாக்ஸின் தண்டுதான் உள்ளே போகவில்லை. ஒரு மணி நேரம் முட்டி மோதினார்கள். டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"தட்டு நடுவுல இல்லைங்க. எப்படிப் போகும்?"

தட்டின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, தரை துடைக்கும் மாப்பின் கம்பைக் கழற்றி, நுனியில் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் பருமனாக்கி, தட்டின் துளை வழியாகப் பின்னாலிருந்த குழிக்குள் இறுக்கமாகச் செருகினார். தட்டு தானாக நடுவுக்கு வந்தது. அப்படியே போல்ட்டுகளை முறுக்கிவிட்டு, கம்பை உருவினார். இந்த முறை ஜாக்கி தன் இடத்தைவிட்டு நகரவில்லை. கியர்பாக்ஸ் 'டக்' என்று போய் உட்கார்ந்தது.

மத்தியானம் எல்லாம் மாட்டி, புது எண்ணெயும் ஊற்றி முடித்தார்கள். டாக்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கிளட்சை மிதித்ததும் விலாவில் சுளீரென்றது. முகத்தைப் பார்த்துவிட்டு டீச்சர், "நகருங்க" என்றார்.

வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கிளம்பியது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். தெருமுனை தாண்டி மேட்டுச் சாலை வந்தும் இன்ஜின் திணறவில்லை.

"எப்படி இருக்கு?" என்று டாக்டர் விலாவைப் பிடித்தபடி கேட்டார்.

"நல்லாப் பிடிக்குது."

"கிளட்சைச் சொல்றியா?"

"எனக்கும்தான்" என்று சொல்லி டீச்சர் இன்னொரு கியர் போட்டார்.

திங்கட்கிழமை கார் பள்ளிக்கூடத்துக்குப் போனது. டாக்டர் கிளினிக்குக்குப் பஸ்ஸில் போனார்.